ஒரு கபடி குறையும்

திம்மராஜ் ஏலத்தில் போன தொகையை
பர்கூர் பஸ் நிறுத்தத்தில் மூன்று விதமாகச் சொன்னார்கள்:
பதினொன்று, பதினாறு, இருபது லட்சம்.
இருபது என்றவர் அவன் சித்தப்பா.

மண்டியில் துண்டுக்குள் விரல் பிடித்து
மாங்காய்க்கு விலை முடிக்கும் சலாவுதீன் பாய் மட்டும்
வாயைக் கோணினார்.
"காலேஜ் ஆட்டம் மேல்கூடை தம்பி.
அடிக்கூடையைக் கொட்டிப் பாக்காம
எவன்யா காசு குடுத்தான்?"

மூன்று வருடமும் கோப்பை எங்கள் கல்லூரிக்குத்தான்.
ஒரே ரெய்டில் நாலு பேரைத் தொட்டு
நடுக்கோட்டில் நெஞ்சு உரசி விழுந்தவன் அவன்.
பாட்டுப் பாடிக்கொண்டு உள்ளே வந்தாலே
சேலத்துக்காரர்கள் பின்கோட்டில் ஒட்டிக்கொள்வார்கள்.
சரிதான்.
ஆனால் சேலத்துக் கார்னருக்கு வயது பத்தொன்பது,
மறுநாள் அவனுக்குக் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பரீட்சை.
அங்கே நிற்கப்போகிறவனோ
கணுக்கால் பிடித்தே ரயில்வே வேலை வாங்கி
கணுக்கால் பிடித்தே இரண்டு மாடி கட்டியவன்.

உயரம் பத்தாது என்றார்கள்.
மண்ணில் ஓடின கால், மேட்டில் ஷூ சறுக்கும் என்றார்கள்.
ஆசீர்வாதம் சார் பழைய ஸ்கோர் நோட்டைப் புரட்டி
ஓடுகாலில் குறையே இல்லை என்றார்.
எல்லோரும் காலைப் பற்றியே பேசினார்கள்.

நான் அந்த அணியின் இடது கார்னர்.
தினமும் சாயங்காலம் நாலரைக்கு
அவனைப் பிடிப்பது என் வேலை.
எனக்கு ஒன்று தெரியும்:
போனஸுக்கு நீட்டுவது போல் நீட்டி
திரும்பிப் பாய்வதற்கு முன்னால்
அவன் பாட்டில் ஒரு கபடி குறையும்.
மூச்சு அறுகிற அளவுக்கு இல்லை.
நடுவர் காதுக்கும் எட்டாது.
இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்து
வெறும் தரையில் கால் வைப்போமே,
அவ்வளவுதான்.
அந்த இடத்தில் கையை மூடினால்
உள்ளே அவன் கணுக்கால் இருக்கும்.

சொல்லியிருக்கலாம்.
பி.காமில் எனக்கு இரண்டு அரியர்.
"திம்மனை நிறுத்தத் தெரிஞ்ச ஒரே ஆளு"
என்பதுதான் நான் வாங்கிய பட்டம்.
அவன் ரயிலேறிய அன்று
காவேரிப்பட்டணத்து நிப்பட் ஒரு பொட்டலம் கொடுத்தேன்.
"உடம்ப பாத்துக்கடா" என்றேன்.
வாயைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை.

இப்போது மாங்கூழ் ஃபேக்டரியில் பெல்ட் ஓரம் நிற்கிறேன்.
ஓடிவரும் பெங்களூராவில்
காம்படியை அமுக்கி, கெட்டதைத் தள்ளுகிற வேலை.
ஒரு பழத்துக்கு ஒரு நொடி.
தூக்கத்தில்கூட என் கட்டைவிரல் அமுக்குவதாக
பக்கத்துப் பாய்க்காரன் சொல்கிறான்.

முதல் ஆட்டம் நைட் ஷிஃப்டில் வந்தது.
கேண்டீன் டிவியைச் சுற்றி முப்பது பேர்.
பாய்லர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.
அங்கேயும் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள் போல,
கூட்டம் குதித்துக்கொண்டே இருந்தது.
அதுவே அவனுக்குக் காவல் என்று நினைத்தேன்.
அவ்வளவு சத்தத்தில்
ஒரு கபடி குறைந்தால் யாருக்குக் கேட்கும்?

முதல் ரெய்டு, வெறுங்கை.
இரண்டாவதும்.
மூன்றாவது எடுத்தே ஆக வேண்டியது.
திம்மன் உள்ளே போனான்.
மஞ்சள் பனியனில் பாதி ஆளாகத் தெரிந்தான்.
கால் நீட்டினான்.
உதடு ஒருமுறை ஒட்டிப் பிரிந்தது.

என் கை மூடிக்கொண்டது,
ஆறிப்போன டீ டம்ளரின் மேல்.

அங்கே கார்னர் அரை நொடி பிந்தித்தான் பாய்ந்தான்.
திம்மன் கோட்டைத் தாண்டியிருந்தான்.
கேண்டீன் கூரை அதிர்ந்தது.
யாரோ என் முதுகில் ஓங்கி அடித்து
"நம்ம பையன்யா!" என்றார்கள்.

நான் இன்னும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கார்னர் எழுந்தான். முழங்காலைத் தட்டிக்கொண்டான்.
திரும்பி ஓடுகிற திம்மனை
அவன் காலைப் பார்க்கவில்லை.
வாயைப் பார்த்தான்.