கட்டிக்கும்

சாட்சிக் கூண்டில் கோகிலவாணி.
வாதிகள் இருநூற்றுப் பதினான்கு பேரில் அறுபத்தேழாவது.
இரவு ஷிப்ட் முடிந்து பாயான் லெப்பாசிலிருந்து
நேரே வந்திருக்கிறாள்.
தொழிற்சாலைத் தொப்பி அழுத்திய கோடு
இன்னும் நெற்றியை விட்டுப் போகவில்லை.

நான் மொழிபெயர்ப்பாளர்.
பினாங்கு உயர் நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடம்.
வெட்டுக்குத்து, விவாகரத்து, வேலி தகராறு
எல்லாம் என் வாய் வழியாகத்தான்
மலாய்க்குள் நுழைந்திருக்கின்றன.

காப்புறுதி முகவர் உங்களிடம் என்ன சொன்னார்?

"பத்து வருசம் கட்டுனா போதும்க்கா,
அப்புறம் அது தன்னாலயே கட்டிக்கும்னாரு."

கட்டிக்கும்.

ஒரு மூச்சு நின்றேன்.
கட்டு இருக்கிறது அதில்.
அதன் இடுப்பில் ஒரு கொள் இருக்கிறது,
வாய்க்கு வாய் தேய்ந்து
வெறும் ஒரு க் ஆகிப்போய்.
அந்த க்-கில்தான் தயாளன்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்,
பிஸ்கட்டை மைலோவில் நனைத்தபடி,
பாகான் டாலாமில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அவகாசம் இல்லை. நீதிபதியின் பேனா காத்திருந்தது.
அக்கான் பாயார் சென்டிரி, என்றேன்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் திரு. ஊய் எழுந்தார்.
நல்ல மனிதர்; லிஃப்டில் எனக்காகக் கதவைப் பிடித்திருப்பவர்.
"சென்டிரி" என்று தன் தாளில் ஒரு கோடு போட்டார்.
கோப்பிக் கடையில் நாலு நண்பர்கள்
பாயார் சென்டிரி என்றால் என்ன பொருள்?
அவரவர் காசு அவரவர்.
ஆகவே அம்மா, நீங்களே தொடர்ந்து கட்ட வேண்டும் என்றுதானே
முகவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்?

இதை நான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.
என் கையிலிருந்து நழுவியதை
எடுத்துத் தீட்டி
என்னிடமே கொடுத்து
அவளிடம் நீட்டச் சொல்கிறார்கள்.

சொன்னேன்.
அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.
"நான் அப்படியா சொன்னேன்?"

அந்த அறையில் என்னுடைய வாக்கியம் என்று
ஒன்றுகூட நான் பேசியதில்லை அதுவரை.
யாங் ஆரிஃப், திருத்த அனுமதி வேண்டும்.

சரி, அதற்கு என்ன சொல்?

சொல் இல்லை. வாக்கியமாகத் தருகிறேன்:
பாலிசி தன் லாபத்திலிருந்து
தன் சந்தாவைத் தானே செலுத்திக்கொள்ளும்,
இவர் கையை விட்டு ஒரு காசும் போகாது.

ஆட்சேபம், இது மொழிபெயர்ப்பல்ல, விளக்கவுரை என்றார் திரு. ஊய்.
அவர் சொன்னதும் சரிதான்.

பதிவு செய்யப்படுகிறது என்றார் நீதிபதி.
எது என்று சொல்லவில்லை.

பிறகு பதினோராம் வருடத்துக் கடிதம்.
மாதம் நூற்று எண்பத்து மூன்று வெள்ளி அறுபது காசு,
தவறினால் பாலிசி காலாவதி.
முப்பத்தெட்டுப் பக்கம், எல்லாம் ஆங்கிலம்.
படித்தீர்களா?
"படம் பாத்தேன். கோடு மேல போச்சு.
இங்கிலீஸ் தெரியாட்டியும்
மேல போறது தெரியும்ல சார்."
கோட்டுக்கு அடியில், எறும்பு அளவில்:
உத்தரவாதமல்ல.

அந்தத் தயாளன் இப்போது எங்கே?

அவள் விரலை நீட்டினாள்.
பின்வரிசை, தூணுக்குப் பக்கம்.
ஒன்பதாம் வாதி.
தன் அம்மா பெயரில் அவரும் அதையே வாங்கியிருந்தார்.
கறுப்பு பிரீஃப்கேஸ் இன்னும் மடியில்;
பூட்டு போய்விட்டது, ரப்பர் வளையம் மாட்டியிருந்தது.
இதை மொழிபெயர்க்க என்னை யாரும் கேட்கவில்லை.

வழக்கு இரண்டரை மணிக்கு ஒத்திவைப்பு.

சாட்சியோடு நான் பேசக் கூடாது. விதி.
கேன்டீன் வரிசையில் அவள் எனக்கு முன்னால்,
கோப்பி ஓ, ஒரு கறிபாப்.
எனக்கும் அதுவேதான் என்று தற்செயலாகச் சொன்னேன்.

கல்லாவில் இருந்த பையன்
எங்கள் முகங்களைப் பார்த்தான்,
ஒரே வீட்டு ஆட்கள் என்று நினைத்திருப்பான்.
ஒரே கணக்கா, சென்டிரியா?

அவள் பதில் சொல்லவில்லை.
சில்லறையை எண்ணத் தொடங்கியிருந்தாள்.