நாலாம் எண் கோடு

முனிச்சாலை, துளசிராம் கடை.
மோடம் சிவகாசிக்கு டயல் செய்தால்
மவுஸ் செத்துப்போகிறது.
ஒவ்வொரு முறையும்.
ஆவணி முகூர்த்தம், எட்டுப் பத்திரிகை பாக்கி.
"வெரசா வாம்மா" என்று மூன்று போன்.

பெட்டியைக் கழற்றிப் படுக்கப்போட்டேன்.
உள்ளே ஒட்டடை, ஒரு ஸ்டேப்ளர் பின்,
எப்படி நுழைந்ததோ, மஞ்சள் தடவிய அட்டையில் ஒரு மூலை.

"என்னதாம்மா கோளாறு?"
பக்கத்து மெஷினில் தட்டிக்கொண்டே கேட்டார்.

பிராசஸர் தானாக யாரையும் திரும்பிப் பார்க்காது அண்ணே,
கூப்பிட வேண்டும்.
கூப்பிடப் பதினாறு கோடு, பூஜ்யத்திலிருந்து.
பூஜ்யத்தில் கடிகாரம். நொடிக்குப் பதினெட்டுத் தரம்
முதுகில் தட்டும்.
ஒன்று, கீபோர்டு.
இரண்டில் ஆள் இல்லை; எட்டு முதல் பதினைந்து வரை
எல்லோரும் அந்த வாசலில் நுழைந்துதான் வர வேண்டும்.
ஆறு, ஃபிளாப்பி.
நாலு, உங்கள் மவுஸ்.
மோடம் மாட்டியவன் அதையும் நாலில் மாட்டிவிட்டான்.
ஒரே காலிங்பெல்லை இரண்டு பேர் அமுக்கினால்
கதவைத் திறப்பவன் யாரிடம் பேசுவான்?

"சரி, அவன் பார்த்துக்கிட்டிருந்த வேலை?"

பாதியில் நிற்கும்.
எந்த வரி, கையில் என்ன எண்,
அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துவிட்டு எழுவான்.
வந்தவனை அனுப்பிவிட்டு
மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பான்.
விட்ட எழுத்திலிருந்து மறுபடி.
எழுந்து போன தடயமே இருக்காது.

"கொடுத்துவச்சவன்."
சொல்லி முடிப்பதற்குள் டீக்காரப் பையன்,
பைண்டிங்கிலிருந்து போன்,
'மணமகன் பேருக்கு ரெண்டு சுழியா மூணு சுழியா' என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல்,
கரண்ட் போய் யுபிஎஸ் கத்தல்.
எல்லோருக்கும் பதில் சொன்னார்.

ஜம்பர் என்பது மிளகளவு கறுப்புத் தொப்பி.
ட்வீசரால் நாலில் பிடுங்கி ஐந்தில் வைத்தேன்.
ஐந்து காலி:
சவுண்ட் கார்டு வாங்க மனசு வராத கடை.

கரண்ட் வந்தது. டயல் செய்தோம்.
மோடம் கீச்சிட்டு, இரைந்து, சிவகாசியைத் தொட்டது.
திரையில் அம்பு ஓடியது.
துளசிராம் அதை வட்டமாக, எட்டுப் போட்டு,
சும்மாவே ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவர் வந்தார்,
கையில் காலையில் கொடுத்தனுப்பிய புரூஃப்.
"காலஞ்சென்ற கோவர்த்தனன்னு போட்டிருக்கீங்க."
"ஆமா."
"நான்தான் கோவர்த்தனன்."

யுபிஎஸ்கூடக் கத்தவில்லை.

"எங்க அண்ணன் பேருக்கு முன்னாடி வரவேண்டியது அது."
"நேத்து அதை அடிக்கிறப்ப ஒரு போன் வந்துச்சுங்க,
பேசிட்டு வந்து உட்கார்ந்தேன்,
கை ஒரு வரி தள்ளி..."
"போன் பண்ணுனதும் நான்தான்.
ரெடியாயிருச்சான்னு கேட்டேன்."

ஃபிளாப்பியை மாற்றிச் செருகினார். ஆறாம் கோடு முனகியது.
மோடம் இன்னும் சிவகாசியோடு இரைந்துகொண்டிருக்க
அம்பு நிற்காமல் போய்
'காலஞ்சென்ற'வைக் கறுப்பாக்கி அழித்தது.
கோவர்த்தனன் குனிந்து பார்த்து,
தன் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசித்து,
ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

நூற்றைம்பது ரூபாய் கொடுத்தார்கள்.
மூடியில் மூன்று ஸ்க்ரூதான் போட்டேன்.
நாலாவதைக் கையில் வைத்திருந்தபோது
யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்.