கழிவு

பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
மார்லிஸ் கால்குலேட்டரைத் தட்டினாள்.
புதுக் கூரை போட்டால் விலையில் பதினோராயிரம் திரும்பும்,
முன்னே பின்னே இருக்கலாம்.
போடாவிட்டால்
வருகிறவர்கள் இருபத்தைந்து கழிப்பார்கள்.
கூரையே பதினெட்டுதானே என்றேன்.
"பயத்துக்கும் சேர்த்துக் கழிப்பார்கள்" என்றாள்.

பாதி டுவெய்ன் தர வேண்டும்.
விவாகரத்துத் தாளில் அப்படித்தான் இருக்கிறது:
வீட்டுச் செலவு, வீட்டு வரவு, சரிபாதி.
பாலத்துக்கு அந்தப் பக்கம், சுப்பீரியரில்,
டயர் கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறான்.
போனில் கேட்டான்:
"நாம் இருக்கப்போகாத வீட்டுக்கு எதற்குக் கூரை?"

இருந்த பதினாறு வருடமும்
இதையேதான் கேட்டாய், வேறு வார்த்தைகளில்.
சொல்லவில்லை.
படுக்கையறைக் கூரையில்
இஸ்திரிப்பெட்டி வடிவத்தில் ஒரு பழுப்புக் கறை.
அடைக்க ஆள் வரவில்லை, கட்டிலை நகர்த்தினோம்,
முதலில் ஒரு சாண்,
அப்புறம் ஜன்னல் வரைக்கும்,
அப்புறம் அவன் மட்டும் ஹாலுக்கு.

ஜூன் மாதம், காலை ஆறு மணி,
ஏரியிலிருந்து மூடுபனி மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.
எஃப்ரைன் கிஸ்பே வந்தான், ஈக்வடார்க்காரன்,
கூட நாலு பேர், ஒரு ரேடியோ.
பிய்த்தெடுக்க ஒரு நாள் போதும் என்றிருந்தவன்
மத்தியானம் ஏணியில் பாதி இறங்கி
மூன்று விரல் காட்டினான்.

மூன்று அடுக்கு.
எங்கள் சாம்பல் நிறம்,
அதன் கீழே பாசிப் பச்சை,
அதற்கும் கீழே செங்கல் சிவப்பு.
முன்னால் இருந்த யாருமே பிய்க்கவில்லை.
பழையதன் மேலேயே புதிதை ஆணியடித்து
விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
"கூரை நல்ல நிலையில்" என்று
எங்களுக்கும் ஒரு வரி எழுதித் தந்தார்கள்.
கல்யாணமாகி நாலு மாதம் அப்போது,
எதை எழுதித் தந்தாலும் நம்பியிருப்போம்.

மூன்றாவதற்கும் கீழே பலகை
நனைந்த ரொட்டி மாதிரி விரலுக்கு இடம் கொடுத்தது.
இன்னும் ஆயிரத்து எழுநூறு.
டுவெய்னுக்குப் படம் அனுப்பினேன்.
திரையில் மூன்று புள்ளிகள் துடித்தன,
நின்றன, மறுபடி துடித்தன.
"சரி" என்று வந்தது.
ஏன் எதற்கு என்று கேட்காத சரி.

வாசலில் நின்ற இரும்புத் தொட்டியை லாரி தூக்கிப் போயிற்று.
ரசீதில்: கழிவு, நாலரை டன்.
அத்தனையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு
மின்சார பில்லுக்குச் சண்டை போட்டிருக்கிறோம்.
பனியின் எடை தனி.

வியாழன் இரவு மழை.
பழக்கதோஷம், பக்கெட்டை வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.
இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன், காய்ந்திருந்தது.
நாலு மணிக்கும்.
தூக்கம் வரவில்லை.
சொட்டுச் சத்தம் இல்லாமல்
அந்த அறையில் எப்படித் தூங்குவதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு குடும்பங்கள் வந்தன.
அடுப்படி மேடையைத் தடவினார்கள்,
குழாயைத் திறந்து மூடினார்கள்,
அலமாரிக்குள் தலையை விட்டார்கள்.
ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.
தெருவில் நின்ற ஒரே ஒருவர் "புதுசா?" என்றார்,
ஆமாம் என்றேன்,
தாளில் ஒரு டிக் போட்டார்.
அவ்வளவுதான் இருபதாயிரத்து நூறு டாலர்.

ஒழுகாததற்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

வாங்கியது மாய் யியா என்ற நர்ஸும் அவள் தம்பியும்.
அடுப்படி பழசு என்று இரண்டாயிரம் குறைத்தாள்.
கட்டில் ஏன் அறையின் மூலையில் கிடக்கிறது என்று
அவள் மட்டும்தான் கேட்டாள்.
ஜன்னல் காற்றுக்கு என்றேன்.
பொய்தான். கூரை பற்றி எழுதிக் கொடுத்ததில்
ஒரு பொய்யும் இல்லை.

கையெழுத்துப் போடும் நாளில்
டுவெய்ன் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான்.
பக்கம் பக்கமாகத் தள்ளினார்கள், போட்டோம்.
கடைசித் தாளுக்கு முன்னால், தலை நிமிராமல்,
"அன்றைக்கு மழை பெய்ததே" என்றான்.
பெய்தது.
"உள்ளே?"
ஒரு சொட்டு இல்லை.

அவன் பேனாவின் மூடியைத் தேடினான்.
அது என் கையில் இருந்தது.