வாறன்

ட்ரைவர் எழுதுகிறேன் என்றேன்.
"எந்த ரூட்?" என்றார்
உவர்மலையில் எனக்கு அறை தந்த ஜெயநாயகி.
"மூதூர் பஸ்ஸோ, கண்டி பஸ்ஸோ?"

நான் ஓட்டுவது பதினேழு பெட்டிகள்.
கொட்பேயில் குளிரறையின் வெப்பமானி,
உட்துறைமுக இறங்குதுறையில் கடல்மட்ட அளவி,
கோட்டையடிக் கம்பத்தில் காற்றுமானி,
மற்றவை பெயர் சொல்லும் அளவுக்குப் பழக்கமில்லை.

பதினேழு ட்ரைவர்களையும்
முன்பிருந்தவர்கள்
ஒன்றைப் பார்த்து ஒன்றாக வெட்டி ஒட்டியிருந்தார்கள்.
நாலாவதில் இருந்த பிழை
பதினொன்றிலும் இருந்தது, பதினாறிலும்,
அதே எழுத்துப்பிழையோடு,
"பிறகு பார்ப்பம்" என்ற அதே குறிப்போடு.

ஆகவே எல்லாருக்கும் பொதுவாய் ஒரு சட்டகம்.
நௌஸ்லி பலகையின் நடுவில் பெரிய பெட்டி வரைந்தான்.
எழுப்புவது, உறக்குவது, வாசிப்பது
எல்லாம் இதற்குள்ளால் போகட்டும்.
பூட்டு இதன் கையில்.
நேரம் இதன் கையில்.
அழகாக இருந்தது.
மூன்று நாள் அழகாகவே இருந்தது.

நாலாம் நாள் காற்றுமானி
சூடேறின பிறகுதான் எழும்புவேன் என்றது.
அதற்காக ஒரு கொடி நட்டோம்.
வெப்பமானி உறங்கவே மாட்டேன் என்றது.
இன்னொரு கொடி.
வெள்ளிக்கிழமை எண்ணினேன், பதினாலு கொடிகள்.
திருவிழா முடிந்து
ஒருவரும் கழற்றாமல் விட்ட வீதி.

ஜும்ஆ முடிந்து வந்த நௌஸ்லி
ஈரத் துணியால் பலகையைத் துடைத்தான்.
"நாங்க கட்டினது சென்றி" என்றான்.
"எல்லாரும் இறங்கி, ஐடென்டிகார்ட்டக் காட்டி,
நடந்து அங்கால போய் ஏறுற சென்றி."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
மின்விசிறி மட்டும் பேசியது.

அதன்பிறகு சட்டகம் நடுவில் நிற்பதில்லை,
பக்கத்தில் நிற்கிறது.
பூட்டு வேணுமா, இந்தா.
வரிசை வேணுமா, இந்தா.
வேண்டாமா, உன்பாடு.
கட்டாயம் ஒன்றே ஒன்று:
போகும்போது சொல்லிவிட்டுப் போ.

அதுதான் எங்களை மூன்று வாரம் தின்றது.
பெட்டி கழன்று போன பின்னும்
யாரோ அதன் பெயரைப் பிடித்திருக்கிறார்கள்:
பாதி வாசித்த ஓர் அளவு,
விடை வராத ஒரு கேள்வி.
பெயரை உடனே அழித்தால்
பிடித்திருந்தவன் வெறுமையில் கால் வைப்பான்,
அவனோடு முழு இயந்திரமும் விழும்.
அழிக்காமலே விட்டால்
இல்லாதவர்களால் நினைவகம் நிரம்பிவிடும்.
(இந்த வரியை எழுதிவிட்டு
எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.)

எண்ணுவது தவிர வேறு வழியில்லை.
எத்தனை கைகள் இன்னும் பிடித்திருக்கின்றன?
கடைசிக் கையும் விட்டபிறகு
பெயரை எடு, அதற்கு முன் எடாதே.

அந்தச் செயற்கூறுக்கு 'நீக்கு' என்று
நான் பெயர் வைத்திருந்தேன்.
மறுநாள் பார்க்க 'வாறன்' என்றிருந்தது.
"போறன் எண்டு சொல்லிப்போட்டு
இந்த ஊரில ஆர் படலை தாண்டுறது?"
பாவனைக் கையேட்டில் அப்படியே இருக்கிறது.

செவ்வாய், அதிகாலை இரண்டு பத்து.
காற்றுமானியின் கேபிளை ஒரு மான் இழுத்தது.
கோட்டை மான்களுக்கு
புல்லும் ஒன்று, வாழைப்பழத் தோலும் ஒன்று,
வயரும் ஒன்று.
பழைய ட்ரைவரென்றால்
துறைமுகத் திரைகள் ஒருமிக்க இருண்டு
விடியுமுன் எனக்கு ஏழு அழைப்பு.

காலையில் பதிவேட்டில் இவ்வளவே:
காற்றுமானி, வாறன்.
பிடித்திருப்போர் இருவர்.
ஒருவர்.
எவருமில்லை. பெயர் எடுக்கப்பட்டது.
குளிரறை பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டில்,
பாரை மீன்கள் ஒன்றும் அறியாமல்.

ஒன்பது மணிக்கு நௌஸ்லி புதுக் கேபிளைச் செருகினான்.
யார் என்றது சட்டகம்.
காற்றுமானி பதில் சொல்லாமல்
முதலில் சூடேறிக்கொண்டது,
அதன் குணம் அது.

இரவு ஜெயநாயகி கேட்டார்,
"பஸ் ஓடுதோ பிள்ளை?"
"ஓடுது. ஒரு மான் குறுக்க வந்தது."
"ஐயோ, மானுக்கு ஒண்டும் ஆகேல்லையே?"

அதைப் பதிவுசெய்ய
எங்கள் சட்டகத்தில் இடமில்லை.