பதினாறு பிட்டு, புது வரவு

களியக்காவிளை மீன்சந்தைக்கு எதிரே
வில்பிரட் அண்ணன் கடைக்கு
போர்டு எழுதியவன் ஒரு டு-வைக் கூடுதலாகப் போட்டுவிட்டான்:
பதினாறு பிட்டு, புது வரவு, மணிக்குப் பத்து ரூபாய்.

காலையில் ஒருவர் வந்து
கடலைக்கறி உண்டா என்றார்.
மத்தியானம் ரெண்டு காலேஜ் பையன்கள்
என் முகத்தைப் பார்க்காமல்
படம் எத்தனை நிமிஷம் என்றார்கள்.
சாயங்காலம் ஏட்டு.
பிட்டு எங்கே, எடு.
கேசட்டைச் செருகிப் போட்டுக் காட்டினேன்.
டிவியில் ஒரு பொடியன்
கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்து
தலையை உதறினான்; தண்ணீர் துளித்துளியாய்த் தெறித்தது.
இவ்வளவுதானா என்றார் ஏட்டு.
தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு
இன்னும் கால்மணி நேரம் நின்றார்.

புதுசு என்றால் எங்களுக்கு இப்படி:
ஜப்பானில் முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் பிறந்து
மஸ்கட் கடைக் கண்ணாடிக்குள் வெளிறி
செல்வின் அத்தான் சூட்கேஸில்
கோடாலித் தைலத்தோடு படுத்து வந்து
திருவனந்தபுரத்தில் இறங்கி
அமரவிளை செக்போஸ்ட்டில்
காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்கப்பட்டு
இங்கே சேரும்.
சிலேட்டில் எழுதுவேன்: இன்று வந்தது.
பொய்யில்லை.

பெட்டியில் இருக்கும் பெயரை
வாசிக்க ஊரில் ஆளில்லை.
நாங்களே வைத்தோம்.
கிணற்றுக்காரன். கொள்ளிக்கண்ணன். கப்பல் ரெண்டு.
கப்பல் ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

கிணற்றுக்காரன் விலை அதிகம்.
அண்ணனும் பாறசாலை உதயனும் பாதிப்பாதி போட்டார்கள்.
திங்கள் முதல் வியாழன் வரை இங்கே.
வெள்ளிக்கிழமை காலை
ஆனவண்டிக் கண்டக்டர் பையில்
சில்லறையோடு சில்லறையாக அங்கே போகும்.

கேசட்டுக்குள் ஒரு பொட்டு பேட்டரி உண்டு.
விட்ட இடத்தை அது மறக்காது.
மூன்று பேருக்கு இடம்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
முதல் இடத்தில் நான் பதிந்தேன்.
லெட்டீஷியா கொள்ளவில்லை; லெட்டி.
திங்களன்று இரண்டாவதில் ஒரு பெயர் இருந்தது: சுனி.
ஆணா பெண்ணா, அந்தப் பெயர் சொல்லாது.

ஒரு ஆறு. ஒரு தோணிக்காரன்.
ஜப்பானில் ஏதோ கேட்பான்.
எந்தப் பட்டனை அமுக்கினாலும்
என்னைக் கரையிலேயே இறக்கிவிடுவான்.
மூன்று வாரம்.
சுனி எப்போதோ அக்கரையில்
பனிமலை ஏறிக்கொண்டிருந்தது.

நாலாவது திங்கள்
கடை திறந்து, போட்டுப் பார்க்கிறேன்:
என் பொடியன் அக்கரையில் நிற்கிறான்.
காசில் நாற்பது குறைவு.
துறையிலிருந்து ஒரே ஒரு அடி தள்ளி.
அதற்கு மேல் விளையாடவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது.
என் ஆளை யாரு தொட்டது?
பிறகு அந்த நாற்பதைக் கணக்குப் பார்த்தேன்.
தோணிக்காரனுக்குக் கூலி கொடுக்கணும்,
எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆளை அக்கரை சேர்ப்பதற்கு
பாறசாலையில் கடத்து என்று பெயர்.
அஞ்சு கிலோமீட்டர் இங்கே வந்தால்
அதே சொல்லுக்கு ஜெயில்.
வெளியே
அரிசி மூட்டையோடு ஒரு சைக்கிள்
பின்சந்து வழியே கேரளாவுக்குப் போனது.

சுனியைத் திறந்தேன்.
பனியில், உயிர் ரெண்டு கோடு.
மெதுவாக இறக்கிக் கூட்டிவந்து
சத்திரத்தில் பன்னிரண்டு காசு கட்டித் தூங்கவைத்தேன்.
காலையில் எழுப்பி
நின்ற இடத்திலேயே திரும்ப நிறுத்திவிட்டு
என் கைகளைப் பாவாடையில் துடைத்தேன்.

கார்த்திகையில் செல்வின் அத்தான் வந்தார்.
ஏட்டு சிவில் உடுப்பில் வந்து எட்டிப் பார்த்தார்:
புதுசு ஏதும் வந்துதா?
வந்திருக்கு. பெயர் வைக்கல்ல.

மூன்று இடமும் காலி.
முதல் இடத்தை அப்படியே விட்டுவிட்டு
இரண்டாவதில் லெட்டி என்று பதிந்தேன்.
வெள்ளிக்கிழமை
கண்டக்டர் பையில் போட்டாயிற்று.

திங்கள் வரட்டும்.