பத்து வரி

திருமதி பியூர்கின் கேட்டது பத்தே வரி,
சுற்றுலாக் கந்தோரின் புதிய கைநூலுக்கு,
லவுஃபன்பூர்க் பற்றி, தமிழில்.
"உங்கள் ஆட்களும் வருகிறார்கள்தானே,
பாலத்தில் நின்று படம் எடுக்க."

சரி.
ரைன் ஆற்றங்கரையில் ஒரு சிறு பட்டணம்.
முதல் வரியே பிழை: இரண்டு பட்டணம்.
இந்தக் கரை சுவிஸ், அந்தக் கரை ஜெர்மனி,
பெயர் ஒன்று.
இருநூறு வருசத்துக்கு முன்னர்
எங்கோ ஒரு மேசையில்
இந்த ஆற்றில் கால் நனைக்காதவர்கள்
ஆறுதான் எல்லை என்று கையெழுத்து வைத்தார்கள்.
எங்கள் கரைக்குப் 'பெரிய' என்று பெயர், எதிர்க்கரைக்குச் 'சின்ன'.
இப்போது சின்னதில்தான் சனம் கூட.
கோழி இறைச்சியும் அங்கேதான் மலிவு.

லவுஃபன் என்றால் நீர்ப்பாய்ச்சல்.
பாறைகள் கழுத்தை நெரிக்க
ஆறு கத்திய இடம் இது.
வந்த படகையெல்லாம் வெறுமையாக்கி
கயிற்றில் கட்டி, மூச்சுப் பிடித்து இறக்குவார்களாம்;
சரக்கு வண்டியேறி ஊருக்குள்ளால் போகும்,
போகிற போக்கில் கூலியும் வரியும் கொடுத்துக்கொண்டு.
ஆறு முரடாய் இருந்ததில் ஊர் சாப்பிட்டது.
எதிர்நீச்சலில் துள்ளிய சல்மன்
நேரே வலைக்குள் விழுந்தது.

பிறகு மின்சாரம் தேவைப்பட்டது.
பாறைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள்,
கீழே அணை கட்டினார்கள்.
இன்று ஆறு குளம்போல் கிடக்கிறது.
சல்மன் நோர்வேயிலிருந்து
பிளாஸ்டிக் உறையில் வருகிறது.

திருமதி பியூர்கின், பத்து எப்போதோ தாண்டிவிட்டது,
பார்க்கும் இடங்களுக்கு இன்னும் வரவேயில்லை.

குன்றின்மேல் கோட்டை, மிச்சம் ஒரு கோபுரம்.
ஏற மூச்சு வாங்கும்.
சந்துகளில் கல்லுப் பாவியிருக்கும், குதியுயர்ந்த செருப்பு வேண்டாம்.
மாசிக் குளிரில் வந்தால் மீனவர் சங்கத்தைப் பார்க்கலாம்:
மர முகமூடி, செதில் செதிலாய்த் துணி தைத்த உடுப்பு.
மீன் போய் நூறு வருசம், சங்கம் போகவில்லை.
கத்திக் கேட்கும் பிள்ளைகளுக்கு
இரண்டு கரையிலும் கொட்டையும் பழமும் எறிவார்கள்.
என் மகன் ஆரணன் சுவிசில் ஒரு தோடம்பழம் பிடித்தான்,
பாலத்தால் ஓடிப்போய்
ஜெர்மனியில் இன்னொன்று.
மறித்துக் கேட்க ஒருவருமில்லை.

ஓமந்தையில் சைக்கிளை உருட்டியபடி
பையிலிருந்த பற்றரிக்குப் பதில் சொன்னவள் நான்.
முதல் வருசம் முழுக்க
இந்தப் பாலத்தின் நடுவில்
என் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடியது.

கிழக்கே புதுப்பாலம் ஒன்றுண்டு, அதையும் போடுங்கள்.
இரண்டு நாடும் இரண்டு பக்கத்திலிருந்து கட்டி வந்தார்கள்.
ஜெர்மனிக்கு உயரம் வடகடலிலிருந்து,
சுவிசுக்குத் தென்கடலிலிருந்து.
இடையில் இருபத்தேழு சென்ரிமீற்றர் வித்தியாசம்.
எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.
தெரிந்தும், கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தார்கள்.
ஐம்பத்து நாலாகிவிட்டது.
ஆரணன் கணக்கில் இதைச் செய்தால் சிவப்புக் கோடு.
இவர்கள் சிரித்துவிட்டு
ஒரு பக்கத்தைத் தாழ்த்திக் கட்டினார்கள்.

அதில் பஸ்சில் போகும்போது
எனக்குள்ளும் ஒரு கணக்கு ஓடும்:
பருத்தித்துறைக் கடலிலிருந்து அளந்தால்
நான் இப்போது எத்தனை உயரத்தில் இருக்கிறேன்?

கைநூல் நேற்று அச்சாகி வந்தது.
தமிழில் இரண்டு வரி:
ரைன் ஆற்றங்கரையில் அழகிய சிறு பட்டணம்.
வாகனத் தரிப்பிடம் உண்டு.

மிச்சம் வேண்டுமென்றால்
செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்குப் பிறகு வாருங்கள்.
கந்தோரில் தரை துடைத்துக்கொண்டிருப்பேன்.
ஈரம், பார்த்து நடவுங்கள்.