மழை என்று எழுதிய கட்டம்

திட்டத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இரண்டு வரி.
நாங்கள் பால் திரை என்று சுருக்கிக்கொண்டோம்.
குலசேகரத்து ரப்பர் சங்கத்துக்கு
ஒன்பது நிலையங்கள், ஆறு வருடக் கணக்கு,
எல்லாம் ஒரே பார்வையில்.
பதினான்கு வாரம். மூன்று தவணை.

முதல் வாரம் ஒரு சொல்லுக்கே போயிற்று.
பால் எவ்வளவு என்று கேட்டால்
நிலையத்தில் லிட்டர் சொன்னார்கள்,
ஆய்வுக்கூடத்தில் உலர்ந்த ரப்பரின் கிலோ,
செயலாளர் ஸ்ரீகண்டன் ரூபாய்.
ஒரே மேசை, ஒரே சொல், மூன்று சண்டை.
மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்
கையெழுத்து வாங்கிய தாளை
இன்னும் லாமினேட் செய்து வைத்திருக்கிறேன்.
மற்றதெல்லாம் மாறிவிட்டது.

எட்டாம் வாரம் முன்னோட்டம்.
கடையாலுமூடு மட்டும் சிவப்பில் நின்றது.
ஜூனில் சரிவு, ஜூலையில் பள்ளம்,
அக்டோபரில் மறுபடியும்.
எங்கள் வண்ணம் அவ்வளவு துல்லியம்!
செயலாளர் திரையைத் தொட்டுப் பார்த்தார்.
அடுத்த கூட்டத்தின் மூன்றாவது பொருளாக
அந்த நிலையத்தை மூடுவது ஏறிவிட்டது.
"கோடு சரியாத்தான் இருக்கு" என்றான் ஜெபின்.
சரியாகத்தான் இருந்தது.

எனக்கு ஏனோ பேரேட்டைப் பார்க்க வேண்டும்போலிருந்தது.

யோபுதாஸ் எடுத்துப் போட்டார், ஆறு கட்டு.
அமில வாடையடிக்கும் தாள்களில்
லிட்டர் எழுதும் கட்டத்தில்
மழை.
அடுத்த நாளும் மழை.
பிறகு மழை, அடியில் ஒரு கோடு,
கோபத்தில் இழுத்ததுபோல.
ஓரிடத்தில் அந்தோணியார் திருநாள்.
பிறகு பதினேழு லிட்டர், நாற்பத்தொன்று, மழை.

"வெட்டு இல்லாத நாளாக்கும் மேடம்.
பால் கொறஞ்ச நாளில்ல."

நான்காம் வாரத்தில் ஓர் இரவு
பழைய கணக்கை ஏற்றும்போது ஜெபின் எழுதிய இரண்டு வரி:
எண் அல்லாத எதையும் பூஜ்யமாக்கு.
கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில்,
என் சுருக்கொப்பம்.
ஆறு வருட மழையை
இரண்டு வரியில் ஒன்றுமில்லாததாக்கியிருந்தோம்.
மற்ற நிலையங்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தன;
காலியை நாங்கள் எண்ணவில்லை.
காரணம் எழுதியவருக்குத்தான் தண்டனை.

"பதினோரு நாளா? மழைக்கா?" என்றார் செயலாளர்.
மழைக்குத்தான் என்றேன்.
மூன்றாம் தவணை தள்ளிப்போனது.
சுழலும் வரைபடத்தை வெட்டினேன்,
பேசும் எச்சரிக்கையை வெட்டினேன்,
எனக்கே பிடித்திருந்த அந்த வட்டப் படத்தையும்.
பதிலுக்கு ஒரே ஒரு புதிய பத்தி,
ஏன் என்று தலைப்பிட்டு.
மழை நாளுக்குச் சாம்பல் நிறம்.

வெட்டு நடந்த நாளால் மட்டும் வகுத்தபோது
கடையாலுமூடு ஒன்பதில் இரண்டாவது.
யாரும் கைதட்டவில்லை.
மூன்றாவது பொருளை யாரோ
நீல மையால் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை திரை ஓடத் தொடங்கியது.
செவ்வாய் நான்கு சாம்பல் கட்டம்.
ஒரு வாரம் கழித்துப் புகார்ப் பட்டியலைத் திறந்தேன்.
ஒன்றுமில்லை.
இது பூஜ்யமா, காலியா?
குறையே இல்லையா, பார்க்கவே இல்லையா?
இந்தக் கேள்வியை மேசையில் உட்கார்ந்து கேட்க
எனக்கு இனி உரிமை இல்லை.
காலை ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தேன்.

கணினிமேல் பாலித்தீன் விரித்திருந்தார் யோபுதாஸ்.
பக்கத்தில் அதே பேரேடு, அதே பேனா.
"எதுக்கு ரெண்டும்?" என்றேன்.
"கரண்டு போனா?"
நியாயம்.
"இத பாக்கீங்களா?"
"காலத்த மொதல்ல இததான் பாப்பேன்.
பேச்சிப்பாறை சாம்பலாச்சுன்னா
அரை மணிக்கூருல இங்க வந்திரும்.
உடனே போன் போட்டு
சிரட்டையில உள்ள பால எடுக்கச் சொல்லிருவேன்.
இல்லேன்னா அம்புட்டும் தண்ணியோட போயிரும்லா."

எழுபத்திரண்டு தேவைகள் எழுதி
எண் போட்டு ஒப்புதல் வாங்கியிருந்தோம்.
இது எதிலும் இல்லை.

திரையில் பேச்சிப்பாறை இன்னும் பச்சைதான்.
அவர் ஒருமுறை வெளியே எட்டிப்பார்த்தார்,
மலையை.
பிறகு போனை எடுத்தார்.